உயிர்காலேஜில் என்ன பாடம்?

பழைய சென்னைக்காரர்கள் எழும்பூர் மியூசியத்தைச் ‘செத்த காலேஜ்’ என்பார்கள். மிருகக்காட்சி சாலைக்குப் பெயர் ‘உயிர் காலேஜ்’. கேட்கும்போது கிண்டல் மாதிரி இருக்கும். ஆனால் வரலாற்றைப் புரட்டினால் அந்தப் பெயர் வைத்தவர்கள் ரொம்பச் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று தெரியும். மியூசியத்தின் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பால்ஃபோர் என்கிற மருத்துவர், பாடம் செய்த உடல்களைவிட உயிருள்ள விலங்குகளைப் பார்க்கத்தான் ஜனங்கள் வருகிறார்கள் என்பதைக் கவனித்து, 1855ல் மியூசிய வளாகத்திலேயே ஒரு மிருகக்காட்சி சாலையைத் தொடங்கினார். அது பிறகு சென்ட்ரல் பக்கத்து பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. அங்கே நூறு வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு வண்டலூர் வந்து சேர்ந்தது. 1985 ஜூலை 24ல் எம்.ஜி.ஆர். திறந்து வைத்தார். இன்றைக்கு அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் பரப்பு 602 ஹெக்டேர். ஆக செத்த காலேஜும் உயிர் காலேஜும் ஒரே வீட்டில் பிறந்த பிள்ளைகள். இரண்டும் ‘காலேஜ்’தான். பொழுதுபோக்கு இடம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை.

சரி, காலேஜ் என்றால் சிலபஸ் என்ன? இதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

நான் வண்டலூர்-கேளம்பாக்கம் சாலையில் குடியிருக்கிறேன். சாஃப்ட்வேர் வேலை. விலங்கியல் படித்தவன் இல்லை, பி.இ. தான். ஆனால் ஆறேழு வருஷமாக இந்தப் பக்கத்து ‘நேச்சர் வாக்’குகளில் அடிக்கடி தலைகாட்டுகிறேன். நன்மங்கலம் காப்புக்காடு, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், பூங்காவுக்குள் இருக்கும் ஓட்டேரி ஏரி என்று பல இடங்கள். நடத்துகிறவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள், சொந்தக் காசும் நேரமும் செலவழிக்கிற நல்ல மனிதர்கள். அதனால்தான் இவ்வளவு நாள் எழுதத் தயங்கினேன். ஆனால் நல்ல மனிதர்கள் செய்கிற காரியத்தை யாரும் விமர்சிக்காமல் விட்டால் அது அப்படியே உறைந்துபோய்விடும். எங்கள் துறையில் கோட் ரெவ்யூ இல்லாமல் ஒரு வரிகூட உள்ளே போகாது. இதையும் அந்த மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் குழுவின் பெயரையும் சொல்லப்போவதில்லை, சொல்ல வருவது எல்லாருக்கும் பொது.

முதலில் வடிவம். காலை ஆறரைக்குக் கூடுவோம். முப்பது பேர், பத்து கேமரா, நாலு குழந்தைகள். முன்னால் போகிறவர் கையை நீட்டி ஒரு பெயர் சொல்வார். எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புவோம். கிளிக் கிளிக். அடுத்த பெயர். இரண்டு மணி நேரத்தில் நாற்பது பெயர் சேர்ந்துவிடும். பிறகு ஒரு குரூப் போட்டோ, பக்கத்து ஹோட்டலில் பொங்கல் வடை. வாட்ஸப்பில் லிஸ்ட் வரும். இதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இது ஒரு டேபிளில் ஒரே ஒரு காலத்தை மட்டும் நிரப்புகிற வேலை. பெயர் என்கிற காலம் நிறைந்துவிட்டது. என்ன சாப்பிடுகிறது, எப்போது வருகிறது, எதற்குப் பயப்படுகிறது என்கிற மற்ற காலமெல்லாம் காலி.

அந்தப் பெயரும் எந்தப் பெயர்? இங்கேதான் எனக்கு வேடிக்கையாக இருக்கும். குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து நம்ம பக்கம் இறங்குகிற ஒரு சின்னப் பறவை, ஒன்பது நிறம். நடையில் அது தெரிந்துவிட்டால் “பிட்டா! பிட்டா!” என்று கிசுகிசுப்பு பரவும், ஏதோ லண்டனிலிருந்து வந்த வார்த்தை மாதிரி. பிட்டா என்பது தெலுங்கு. சின்னப் பறவை என்று அர்த்தம், அவ்வளவுதான். வெள்ளைக்காரர்கள் இங்கே கேட்டதை எழுதி எடுத்துக்கொண்டு போய், அறிவியல் பெயராக நமக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். தமிழில் அதற்கு ஆறுமணிக் குருவி என்று பெயர். காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் கூப்பிடும் என்பதால். இந்தப் பெயரை மட்டும் ஒரு பத்து வயசுப் பிள்ளைக்குச் சொல்லிப் பாருங்கள். அடுத்த நாள் ஆறு மணிக்கு ஜன்னலோரம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும். பிட்டா என்று சொன்னால் நோட்டில் எழுதிக்கொள்ளும்.

இது மொழிப்பற்றுப் பேச்சு இல்லை. தமிழ்ப் பெயர்களில் நிறைய, பறவை என்ன செய்கிறது என்பதைச் சொல்கிற பெயர்கள். நத்தைகுத்தி நாரை என்றால் அதன் சாப்பாடு தெரிந்துவிட்டது, அலகில் ஏன் இடைவெளி என்ற கேள்வியும் தானாக வரும். உண்ணிக்கொக்கு ஏன் மாட்டுக்குப் பக்கத்திலேயே நடக்கிறது என்று தனியாகப் பாடம் எடுக்க வேண்டாம். ஆள் வந்தால் கத்திக் காட்டிக்கொடுக்கிறது ஆள்காட்டி. கடலுக்குப் போனால் பங்குனி ஆமை; பெயரிலேயே காலண்டர் இருக்கிறது. நான் மேலே சொன்ன காலியான காலங்களை நம்ம ஆட்கள் ஏற்கெனவே நிரப்பி, பெயருக்குள்ளேயே மடித்து வைத்திருக்கிறார்கள். எல்லாப் பெயரும் அப்படி இல்லை, ஊருக்கு ஊர் மாறும், ஒரே பெயர் மூன்று பறவைக்கு ஓடும். அந்தக் குழப்பம் உண்மைதான். அதற்காகத்தான் க. ரத்னம் போன்றவர்கள் வருஷக்கணக்கில் பெயர்களைத் திரட்டினார்கள். ப. ஜெகநாதனும் ஆசையும் சேர்ந்து க்ரியாவுக்காகப் ‘பறவைகள்: அறிமுகக் கையேடு’ எழுதினார்கள். பையில் போட்டுக்கொண்டு போகிற அளவில் தமிழில் கையேடு இருக்கிறது. ஆனாலும் நான் போன நடைகளில் அதை யாராவது கையில் வைத்திருந்து பார்த்தது அபூர்வம். ம. கிருஷ்ணன் நினைவுக்கு வருகிறார். ஆங்கிலத்தில் 1950 முதல் 1996ல் சாகும் வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் பத்தி எழுதியவர், தமிழிலும் அதே அக்கறையோடு எழுதினார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் பிள்ளை வேறு எப்படி இருப்பார்!

இப்போது அடுத்த கேள்வி: இந்த நடைகளிலும் பூங்கா வருகைகளிலும் பிள்ளைகள் ஏதாவது கற்றுக்கொள்கிறார்களா, அளந்து பார்த்திருக்கிறார்களா?

இதில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. 2007ல் அமெரிக்க மிருகக்காட்சி சாலைகள் சங்கத்துக்காக ஜான் ஃபால்க் குழு ஒரு அறிக்கை தந்தது: பூங்காவுக்குப் போய் வருவது மக்களின் மனப்பான்மையை வலுப்படுத்துகிறது என்று. 2010ல் லோரி மரினோவும் சகாக்களும் அதை எடுத்து, ஆய்வுமுறையிலேயே ஓட்டைகள் என்று விரிவாக மறுத்தார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது 2014ல் எரிக் ஜென்சன் வெளியிட்ட லண்டன் பூங்கா ஆய்வு. அவர் பிள்ளைகளிடம் “உனக்குப் பிடித்திருந்ததா?” என்று கேட்கவில்லை. உள்ளே போகும் முன் ஒரு படம், வந்த பின் ஒரு படம் வரையச் சொன்னார். ஒரு விலங்கும் அது வாழும் இடமும். 7 முதல் 15 வயது வரை, மொத்தம் 2,839 பிள்ளைகள். வழிகாட்டியோடு போனவர்களில் 41 சதவீதத்தினர் படத்தில் முன்னேற்றம் இருந்தது. வழிகாட்டி இல்லாமல் போனவர்களில் 34 சதவீதம்.

இந்த எண்ணை எப்படிப் படிப்பது? ‘வழிகாட்டி இருந்தால் நல்லது’ என்று படிக்கலாம், அது சரிதான். ஆனால் வித்தியாசம் ஏழு புள்ளி என்பதையும் பாருங்கள். வழிகாட்டி இருந்தும் பாதிக்கு மேல் பிள்ளைகளின் படத்தில் முன்னேற்றம் இல்லை. நாம் ‘எக்ஸ்பர்ட் வருகிறார்’ என்று போஸ்டர் போட்டுவிட்டால் கல்வி நடந்துவிட்டது என்று நினைக்கிறோமே, அதற்கு இந்த எண் ஒரு குட்டு.

எங்கள் அபார்ட்மெண்ட் பிள்ளைகளிடம் விளையாட்டாக இதைச் செய்து பார்த்தேன். புலி வாழும் இடம் வரையுங்கள் என்றேன். ஒரு பையன் புலி, மரம், சூரியன் எல்லாம் போட்டுவிட்டு, முன்னால் ஒரு அகழியும் கம்பியும் போட்டான். சிரித்தார்கள். ஆனால் அவன் பார்த்ததை உள்ளபடி வரைந்திருக்கிறான், அவன்தான் நல்ல அப்சர்வர். அவனுக்குத் தெரிந்த புலியின் வாழிடம் அதுதான். அதே பிள்ளைகளிடம் ‘நம்ம காம்பவுண்டுக்குப் பின்னால் இருக்கிற புதரில் என்ன வாழ்கிறது?’ என்று கேட்டு வரையச் சொன்னபோது பேப்பர் வெள்ளையாக வந்தது. ஒரு பெண் மட்டும் பூனை வரைந்தாள்.

வெள்ளைப் பேப்பர்தான் என் கவலை. வண்டலூர், நெடுங்குன்றம், நன்மங்கலம் என்று இந்தப் பக்கத்தின் அசல் காடு, புதர்க்காடு. சூரை, காரை, களா என்று முள்ளும் பழமுமாக இடுப்பளவு நிற்கிற காடு. போட்டோவில் அழகாக விழாது. ‘சும்மா கிடக்கிற இடம்’ என்று ரியல் எஸ்டேட்காரர் காட்டுவதும் இதைத்தான். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பரில் திறந்த பிறகு இந்தப் பக்கம் மனை விலை என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். புலியைத் தெரிந்த, சூரையைத் தெரியாத ஒரு தலைமுறை இந்தப் புதரை எந்த மனநிலையில் பார்க்கும்?

அந்தப் புதருக்குப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்ட நமக்கு உடனே தேவைப்படுகிற பாடம் பறவை இல்லை, பாம்பு. நான் போன எந்த நடையிலும் பாம்பைப் பற்றி ஐந்து நிமிஷத்துக்கு மேல் யாரும் பேசியதில்லை. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியில் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம், வருஷத்துக்குச் சராசரி 58,000 என்று 2020ல் வந்த ஆய்வு கணக்கிட்டது. அதில் பெரும்பங்கு கிராமத்து மக்கள். நம் புறநகர் பாதி கிராமம், பாதி நகரம். கிராமத்துப் பாம்பு இருக்கிறது, கிராமத்து அறிவு கைவிட்டுப் போய்விட்டது.

ஒரு உதாரணம். இரவில் சுவரோரம் கறுப்பாக, வெள்ளைப் பட்டையோடு ஒரு பாம்பு. கட்டுவிரியனா, சுவர்ப்பாம்பா? இரண்டாவதை வெள்ளிக்கோல் வரையன் என்றும் சொல்வார்கள், பல்லி தின்கிற விஷமில்லாத பிராணி. பட்டை தலைக்குப் பக்கத்திலேயே அகலமாகத் தொடங்கி வால் பக்கம் மங்கிப்போனால் அது பெரும்பாலும் சுவர்ப்பாம்பு. தலைப்பக்கம் மங்கலாக இருந்து, பின்னால் போகப்போக மெல்லிய ஜோடி ஜோடிக் கோடுகளாகத் தெளிந்தால் கட்டுவிரியன். கட்டுவிரியன் கடித்தால் வலி அவ்வளவாகத் தெரியாது, தூக்கத்திலேயே கடி வாங்கியவர்கள் உண்டு. விடிகாலையில் வயிற்றுவலி என்று எழுந்து, சோடா குடித்துவிட்டுப் படுப்பார்கள். அதனால் தரையில் படுக்காதே, கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகு, இருட்டில் டார்ச் இல்லாமல் இறங்காதே. கடித்துவிட்டால் கட்டுப் போடாதே, கீறாதே, ஆஸ்பத்திரிக்கு ஓடு. பட்டையைப் பார்த்து நீயாக முடிவெடுத்துக் கையால் தொடாதே என்பதும் இதே பாடத்தில் சேர்த்தி. இதை அரை மணி நேரத்தில் சொல்லிவிடலாம். நாற்பது பறவைப் பெயரைவிட இது ஒரு உயிரைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம்.

இதில் வருத்தம் என்னவென்றால் இந்தப் பாடம் தொடங்கிய ஊரே நம்ம ஊர்தான். ராமுலஸ் விட்டேகர் தன் பாம்புப் பண்ணையை முதலில் நடத்தியது தாம்பரம் பக்கத்துச் சேலையூரில். 1972ல்தான் அது கிண்டிக்குப் போய், ஊரே அறிந்த பாம்புப் பண்ணையானது. கையில் பாம்பை வைத்துக்கொண்டு, இது விஷமில்லை, இது விஷம், ஏன் என்று சொல்லிக்கொடுத்தார்கள். பாம்பை அடிப்பதுதான் வழக்கம் என்று வளர்ந்த நகரத்துக்கு அது நிஜமான கல்வி. மேடையில் பேசியவர்களுக்குப் பின்னால் இருந்த அறிவு பெரும்பகுதி இருளர்களுடையது. 1976ல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடையானபோது அவர்கள் பிழைப்பு போனது. 1978ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்தது. பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடுவது. அந்த விஷத்தில்தான் விஷமுறிவு மருந்து தயாராகிறது. செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் 2017ல் ஃப்ளோரிடாவுக்கு அழைத்துப்போனார்கள். அங்கே மலைப்பாம்பு பெருகி, உள்ளூர்க்காரர்கள் கண்டுபிடிக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். 2023ல் இருவருக்கும் பத்மஸ்ரீ.

ஃப்ளோரிடா வரை தேவைப்பட்ட இந்த அறிவு, வண்டலூரில் நடக்கிற ஞாயிற்றுக்கிழமை நடைக்கு ஏன் தேவைப்படவில்லை? ஆறேழு வருஷத்தில் ஒரு இருளர் முன்னால் நடந்து, மண்ணில் தடம் காட்டி, இது எந்த வழியாகப் போனது என்று சொன்ன ஒரு நடையையும் நான் பார்க்கவில்லை. முன்னால் நடப்பவர் எப்போதும் என்னைப் போன்ற ஒருவர்தான். ஐ.டி. வேலை, ஐம்பதாயிரம் ரூபாய் லென்ஸ், ஆங்கிலம். மாத்திரமில்லை, எங்களோடு வருகிறவர்களும் எங்களைப் போன்றவர்கள்தான். பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்கு 2022ல் ராம்சர் அந்தஸ்து கிடைத்தது, 1,247 ஹெக்டேர் சொச்சம். அதன் தெற்கே பெரும்பாக்கத்தில், நகரத்துக்குள்ளிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து வைத்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அடுக்குமாடிகளில் இருக்கின்றன. அவர்கள் ஜன்னலைத் திறந்தால் கூழைக்கடா தெரியும். மழை வந்தால் அந்த நீர் முதலில் ஏறுவதும் அவர்கள் தெருவில்தான். அந்தப் பிள்ளைகளைத் தாண்டி நாங்கள் காரை நிறுத்திவிட்டு, டெலஸ்கோப்பைப் பிரித்துவைத்து, நாமக்கோழியை எண்ணிவிட்டு வருகிறோம். பிள்ளைகள் பக்கத்தில் வந்து எட்டிப் பார்ப்பார்கள். சிலர் காட்டுவார்கள், சிலர் “தம்பி, தள்ளு தள்ளு, பறவை பறந்துடும்” என்பார்கள்.

எல்லாமே இப்படித்தான் என்று சொல்லவில்லை. சென்னையிலேயே வேறு வடிவங்கள் இருக்கின்றன. மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988லிருந்து நடத்துகிற ஆமை நடையை எடுத்துக்கொள்ளுங்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரி முழுக்க மணலில் நடக்க வேண்டும். பல ராத்திரிகளில் ஆமையே வராது. இந்த நடையின் பலம் அதுதான் என்பேன். ஏனென்றால் அங்கே காட்சி இரண்டாம்பட்சம், வேலை முதலில். தடம் தேடணும், குச்சியால் மெதுவாகக் குத்திக் கூட்டைக் கண்டுபிடிக்கணும், நூறு முட்டைக்கு மேல் எண்ணி எடுத்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோகணும், அதே ஆழத்தில் குழி தோண்டணும். தெருவிளக்கு வெளிச்சத்தில் குஞ்சுகள் கடலை விட்டு ரோட்டுப் பக்கம் போய்விடும் என்பதால் இந்தப் பாடு. ஒரு தடவை முட்டை சுமந்தவனுக்கு விளக்கு மாசு பற்றி யாரும் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை.

பொங்கல் நாட்களில் நடக்கிற பறவைக் கணக்கெடுப்பும் அப்படி ஒரு வேலை கொடுக்கிறது. குறைந்தது பதினைந்து நிமிஷம் ஓரிடத்தில் நின்று, தெரிந்ததையெல்லாம் எண்ணி ஈபேர்டில் ஏற்ற வேண்டும். இதில் ‘முழுப் பட்டியல்’ என்கிற விதி ஒன்று இருக்கிறது. அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் எழுதணும், காக்காயை விடக்கூடாது. டேட்டாவோடு மாரடிக்கிறவன் என்ற முறையில் இந்த விதியை ரசிக்கிறேன். எல்லாவற்றையும் எழுதினால்தான், எழுதாதது அங்கே இல்லை என்று ஊகிக்க முடியும். இல்லை என்பதும் ஒரு டேட்டா. காக்காயும் ஆறுமணிக் குருவியும் ஒரே வரிசையில் சமமாக நிற்கிற இடம் அது. நம்ம நடைகளில் காக்காய்க்கு யாரும் கேமராவைத் தூக்குவதில்லை.

பூங்கா நிர்வாகமும் மாணவர்களுக்கு ‘ஜூ ஸ்கூல்’ மாதிரி நிகழ்ச்சிகள் நடத்துகிறது. கூண்டுக்குள் இருக்கிறதைக் காட்டுவது அதன் வேலை, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் 602 ஹெக்டேரில் கூண்டு எவ்வளவு இடம்? மிச்சம் இருக்கிற காட்டிலும் ஓட்டேரி ஏரியிலும் டிக்கெட் வாங்காமல் வந்து குடியிருக்கிற வக்காவும் நீர்க்காகமும் அணிலும் ஓணானும்தான் என் கணக்கில் உயிர்காலேஜின் முதல் வருஷப் பாடம். வெள்ளைப்புலி எல்லாம் எலெக்டிவ்.

இதையெல்லாம் நடை நடத்துகிற ஒரு நண்பரிடம் போன மாதம் சொன்னேன். என்னைவிடப் பத்து வயசு பெரியவர், பொறுமைசாலி. முழுக்கக் கேட்டுவிட்டு, “சார், பாம்புன்னு போஸ்டர் போட்டா அப்பா அம்மா யாரும் பிள்ளையை அனுப்ப மாட்டாங்க. பறவைன்னாதான் வருவாங்க” என்றார். நியாயமான பதில். பறவை என்றே போஸ்டர் போடுங்கள், போன பிறகு பாம்பைப் பேசுங்கள் என்றேன். அது ஏமாற்று வேலை என்றார். பெரும்பாக்கத்தில் போஸ்டரே வேண்டாமே, பிள்ளைகள் ஏற்கெனவே கரையில்தான் நிற்கிறார்கள் என்றேன். அதற்கு அவர் யோசித்தார். பைனாகுலர் எத்தனை தேறும், யார் வீட்டில் சும்மா கிடக்கிறது என்று இப்போது ஒரு லிஸ்ட் போட்டுக்கொண்டிருக்கிறோம். இன்று வரை ஐந்து. முன்னால் நடக்க ஒரு இருளர் பெரியவரைக் கேட்டிருக்கிறார். ஒரு நாள் கூலியை என்ன கணக்கில் கொடுப்பது என்பதில்தான் பேச்சு நிற்கிறது. பேச்சாளருக்குக் கொடுக்கிற தொகை என்று நான் சொல்கிறேன்.